பாதியில் நின்ற வீடு: புதுக் கொத்தனாரைக் கூப்பிடும் முன்

கேள்வி: என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இலஞ்சியில் மாமனார் காலத்து ஓட்டு வீட்டின் பின்கட்டை இடித்துவிட்டு, கீழும் மேலுமாக 1,200 சதுர அடியில் புதிதாகக் கட்டுகிறோம். “லைசென்ஸ் உள்ள இன்ஜினியர்” என்று சொல்லிக்கொண்ட ஒருவர், மெட்டீரியலோடு சதுர அடி 2,200 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். ஒரு பக்கத்துக்குப் பத்திரம் எழுதிக்கொண்டோம். இதுவரை 17 லட்சம் கொடுத்தாயிற்று. அதில் 4 லட்சம் ரொக்கம். ஆவணியிலிருந்து கீழ்வீட்டு லிண்டல் மட்டத்தோடு வேலை நிற்கிறது. கம்பி, எம் சாண்ட் விலை ஏறிவிட்டதாம். சதுர அடிக்கு 300 ரூபாய் கூட்டினால்தான் ஆள் வருமாம். இரண்டு தூண்களில் ஜல்லி பெயர்ந்து கம்பி தெரிகிறது. மேல்மாடியை முடித்தால் குற்றாலம் சீசனுக்கு வாடகைக்கு விடலாம் என்றும் நினைத்திருந்தோம். போலீஸில் புகார் கொடுக்கலாமா? வேறு கொத்தனாரை வைத்து முடித்துவிடலாமா?
— வாசகி, இலஞ்சி

பதில்: முதலில், வேறு கொத்தனாரை இப்போது கூப்பிடாதீர்கள். அந்த இரண்டு தூண்களில் ஒரு கரண்டி சிமென்ட்கூடப் பூச விடாதீர்கள். உங்கள் வழக்குக்கு முதல் சாட்சி அந்தக் கட்டடம்தான். பூச்சு பூசிவிட்டால், “என் வேலை நன்றாகத்தான் இருந்தது, பின்னால் வந்தவர் கெடுத்தார்” என்று அவர் சொல்வார். அதை மறுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

இந்த வாரமே செய்ய வேண்டியது இது. சம்பந்தமில்லாத ஒரு பதிவுபெற்ற இன்ஜினியரை அழைத்து வந்து, நின்ற வேலையை அளக்கச் சொல்லுங்கள். எத்தனை அடி அஸ்திவாரம், எத்தனை தூண், என்ன தடிமன் கம்பி, எவ்வளவு செங்கல் வேலை என்று கணக்கெடுத்து, இதுவரை முடிந்த வேலையின் மதிப்பு இவ்வளவு என்று கையெழுத்துப் போட்டு அறிக்கை தரட்டும். உங்கள் ஒப்பந்தத் தொகை 26 லட்சத்து 40 ஆயிரம். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கொடுத்துவிட்டீர்கள். கீழ்வீட்டுக்கே இன்னும் கூரை கான்கிரீட் போடவில்லை. அந்த வித்தியாசத்தை எண்ணில் காட்டும் அறிக்கைதான் உங்களுக்கு வேண்டும். தூண்களைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 படி, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம் 20. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் சிவில் துறை போன்ற இடத்தில் சோதனை பற்றிக் கேட்டுப் பாருங்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது, தனியார் சான்றிதழைவிட அதற்கு எடை கூடுதல். தேதி தெரியும்படி வீடியோவும் எடுத்து வையுங்கள்.

இனி அந்த லைசென்ஸ். வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டருக்கென்று நம் மாநிலத்தில் தனி உரிமம் கிடையாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன் கீழ் ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஆகியோர் பதிவு செய்துகொள்கிறார்கள். அது பிளான் வரையவும் கையெழுத்திடவும் உள்ள தகுதி. உங்கள் பணத்தை வாங்கி வேலையை முடிப்பார் என்பதற்கு அது ஜாமீன் ஆகாது. பொதுப்பணித் துறையில் ‘கிளாஸ் ஒன்’ என்பது அரசு டெண்டருக்கான பதிவு. ஜிஎஸ்டி எண் வரிக்கானது. கலிஃபோர்னியாவில் வீட்டு வேலை எடுக்கும் கான்ட்ராக்டருக்கு மாநில உரிமம் கட்டாயம். முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. அங்கே சட்டம் போட்டிருக்கும் இந்த வேலியை இங்கே நாம்தான் பத்திரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பக்கப் பத்திரத்தோடு வீட்டுக்காரர்கள் திருப்தி அடைவது எனக்குப் பெரிய வருத்தம். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் காரியத்துக்கு அது போதவே போதாது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட அனுமதி உடனே கிடைத்துவிடுகிறது. வசதிதான். ஆனால் தரம் பார்க்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

இருந்தாலும் அவர் சொன்ன பதிவு எண்ணை இலஞ்சி பேரூராட்சியிலும் நகர் ஊரமைப்புத் துறையிலும் எழுதிக் கேளுங்கள். எண் பொய் என்றால் உங்கள் போலீஸ் கேள்விக்கே விடை மாறிவிடும். வேலையைப் பாதியில் விட்டது மட்டும் மோசடி ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே இப்போதைய நிலையில் ஸ்டேஷனுக்குப் போனால் “சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். இல்லாத பதிவைக் காட்டிப் பணம் வாங்கியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் புகார் கொடுக்க அடிப்படை உண்டு.

விலை ஏறிவிட்டது என்பது சட்டப்படி சாக்கு ஆகாது. புளியரை வழியாக எத்தனை லாரி கேரளத்துக்குப் போனாலும், எம் சாண்ட் என்ன விலை விற்றாலும், மெட்டீரியலோடு ஒரு ரேட் ஒத்துக்கொண்டவர் அந்த ரேட்டுக்குக் கட்டித் தர வேண்டும். வேலை கட்டுப்படியாகவில்லை என்பதால் மட்டும் ஒப்பந்தம் செத்துப்போகாது என்று 1960-லேயே அலோபி பர்ஷாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்திரத்தில் விலையேற்றத்துக்குத் தனி ஷரத்து இருந்தால்தான் வேறு பேச்சு. மீதி வேலையை வேறு ஆளை வைத்து முடிக்கக் கூடுதலாக ஆகும் செலவை, இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவின்படி இவரிடமே கேட்கலாம். தாமதத்துக்கும் இழப்பீடு வேண்டும் என்றால், 55-ஆம் பிரிவைக் கவனியுங்கள்: தாமதமான வேலையை ஏற்கும்போதே “இழப்பீடு கேட்பேன்” என்று தெரிவித்திருக்க வேண்டும். அதனால் வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா இதற்கு வராது. சொந்த மனையில் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டுவது அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவையே என்பதை 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கு உறுதி செய்தது. இப்போதுள்ள 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2(42)-ஆம் பிரிவிலேயே வீட்டுக் கட்டுமானம் இருக்கிறது. தினக்கூலிக்குக் கொத்தனாரை வைத்து நீங்களே வேலை வாங்கியிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். சதுர அடிக் கணக்கில் விட்டதால் திறந்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே போதும். 10 முதல் 20 லட்சம் வரைக்குக் கட்டணம் 400 ரூபாய். மனுவோடு சேர்த்தே, கட்டடத்தைப் பார்வையிட வக்கீல் கமிஷனரையும் இன்ஜினியரையும் நியமிக்கக் கேளுங்கள். அவர்கள் வந்து அளந்து போன பிறகு, ஆணையத்தில் சொல்லிவிட்டு மீதி வேலையைத் தொடங்கலாம். வேலை நின்ற நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஆனால் மழையில் கம்பி துருப்பிடிப்பதற்குள் போடுவதே உங்களுக்கு நல்லது.

அந்தச் சீசன் வாடகையை மனுவில் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் மிகவும் கவனம் வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவைக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை. கட்டியது முழுக்க லாட்ஜாக நடத்த என்றால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். எது பிரதான நோக்கம் என்று பார்க்க வேண்டும் என்பதே லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல். நீங்கள் குடியிருக்கத்தான் கட்டுகிறீர்கள். மேல்மாடி வாடகை அப்புறம் வந்த யோசனை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். எதிர்த் தரப்பு எப்படியும் கிளப்பும்.

ரொக்கம் 4 லட்சத்துக்கு ரசீது இல்லை என்றே ஊகிக்கிறேன். அந்தந்தத் தேதியில் பேங்கில் எடுத்த பணத்தின் ஸ்டேட்மென்ட்டும், “வந்துவிட்டது” என்று அவர் போட்ட வாட்ஸ்அப்பும் சேர்ந்தால் நல்ல ஆதாரம். போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்ய வேண்டும். இனி யாருக்கும் ரொக்கம் வேண்டாம். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; அபராதம் வாங்குபவருக்கு.

நோட்டீஸ் போனதும் அவரே சமரசத்துக்கு வரக்கூடும். வந்தால் முறுக்கிக்கொள்ள வேண்டாம், ஆனால் புதுப் பத்திரம் எழுதுங்கள். வேறு ஆள் வந்தாலும் இதே பத்திரம்தான். தூண்களைச் சரிசெய்த பிறகே அடுத்த ரூபாய். லிண்டல், கூரை கான்கிரீட், மேல்வீட்டுச் சுவர், பூச்சு, தட்டோடு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து இன்ஜினியர் பார்த்த பிறகே பேங்க் வழியாகப் பணம். சிமென்ட், கம்பி, வயர், குழாய்க்குக் கம்பெனிப் பெயர் எழுத வேண்டும். “ஸ்டாண்டர்டு மெட்டீரியல்” என்ற சொல்லே வரக் கூடாது. ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்பதும் வேண்டும். கடைசி 5 சதவீதத்தைப் பிடித்து வையுங்கள். நம் பக்கத்தில் ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் என இரண்டு மழை. இரண்டையும் கூரை தாங்கி, ஒழுகல் இல்லை என்று தெரிந்த பிறகு அதைக் கொடுங்கள்.

பணம் கணவர் கணக்கிலிருந்து போயிருந்தாலும், அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெறுபவர் என்ற முறையில் நீங்களே மனுதாரர் ஆகலாம். இருவர் பெயரிலும் போடுவது இன்னும் பலம். மனுவை ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், விசாரணையைக் காணொளியில் வைக்கும்படியும் கேட்கலாம். அவர் மஸ்கட்டிலிருந்து லீவு போட்டு வர வேண்டியதில்லை.