மீண்டும் வந்ததா குடலிறக்கம்?

சைக்கிள் டயரின் பக்கம் கிழிந்துவிட்டால் என்ன ஆகும்? காற்று அடித்ததும் டியூப் அந்தக் கிழிசல் வழியே பிதுங்கும். காற்றை இறக்கினால் பிதுக்கம் மறைந்துவிடும். ஆனால் கிழிசல் அங்கேயே இருக்கும், அல்லவா?

நம் வயிற்றுச் சுவரும் அந்த டயரைப் போன்றதே. தசையும் நார்த்திசுவும் சேர்ந்த அச்சுவர் ஓரிடத்தில் நலிந்தால், உள்ளிருக்கும் கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ வெளியே பிதுங்கும். இதுவே குடலிறக்கம், 'ஹெர்னியா' என்றும் சொல்வார்கள். இருமினால் புடைப்பு பெரிதாகும்; படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும்.

கிழிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்து அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அறுவை மருத்துவரும் நலிந்த இடத்தில் பிளாஸ்டிக் இழையால் பின்னிய வலையைப் பதிக்கிறார். அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் அஷர் 1950-களின் இறுதியில் இத்தகைய வலையைப் பயன்படுத்தத் தொடங்கினார். நாளடைவில் திசுக்கள் வலைக்கண்களின் ஊடே வளர்ந்து அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன.

இனித்தான் சிக்கல். அறுவைக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடியும் ஒரு புடைப்பு! வலையின் ஓரமாகக் குடல் மீண்டும் இறங்கிவிட்டதா? அல்லது, காயம் ஆறும்போது வெறும் நீர் தேங்கியிருக்கிறதா? நீர் என்றால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். கையால் தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது எப்போதும் எளிதன்று. தேவையின்றி மீண்டும் அறுப்பதும் தவறு. குடல் சிக்கியிருக்க வாளாவிருப்பதும் ஆபத்து.

இங்கே உதவுவது மீயொலி, அதாவது நம் காதுக்கு எட்டாத ஒலி. தோலின்மேல் வைத்த கருவி ஒலித் துடிப்புகளை அனுப்பி எதிரொலிகளைப் பெறுகிறது. திசுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். 3 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 6 செ.மீ. பயணம், நேரம் சுமார் 39 மைக்ரோ நொடி. இந்த நேரத்தைக் கொண்டே ஆழத்தைக் கணக்கிட்டுப் படம் உருவாகிறது. தெளிந்த நீரின் உள்ளிருந்து எதிரொலி வராது; எனவே அது கறுப்பாகத் தெரியும்.

சோதனையின்போது மருத்துவர், "இருமுங்கள், மூச்சை அடக்கி முக்குங்கள்" என்பார். ஏன் தெரியுமா? டயருக்குக் காற்று அடிப்பது போலத்தான்! வயிற்றினுள் அழுத்தம் கூடியதும், இடைவெளி இருந்தால் கொழுப்போ குடலோ அதன் வழியே நழுவி வருவது திரையில் தெரியும். தேங்கிய நீர் அவ்வாறு நழுவி வராது.

புடைப்பு பெரிதாகவோ ஆழமாகவோ இருந்தால் சி.டி. ஸ்கேன் உதவும். எக்ஸ் கதிர்கள் உறிஞ்சப்படும் அளவை அது எண்களாக்குகிறது: நீர் 0, கொழுப்பு சுமார் -100, தசை சுமார் +50. புடைப்பில் இருப்பது எது என்பதை இவ்வெண்கள் காட்டிக்கொடுக்கும். ஆனால் நோயாளி அசையாமல் படுத்திருக்கும்போது சிறிய குடலிறக்கம் ஒளிந்துகொள்ளலாம். அதனால் இங்கும் முக்கச் சொல்வதுண்டு.

ஒன்றை மறவாதீர்கள். புடைப்பு உள்ளே போகாமல் கடுமையாக வலித்தால், வாந்தியும் வந்தால், குடலுக்கு இரத்தம் தடைப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு கணக்கு: எதிரொலி 26 மைக்ரோ நொடியில் திரும்பினால் ஆழம் எவ்வளவு? (விடை: சுமார் 2 செ.மீ.)