புது லொறியின் முதல் ஆயிரம் கிலோமீற்றர்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பின்னர், எமது வியாபாரிகள் பலரும் புது வாகனம் எடுக்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எடுத்த மறுநாளே புறக்கோட்டையில் சீனியும் பருப்பும் முழுப்பாரம் ஏற்றி கடுகண்ணாவ ஏற்றத்தில் விட்டுவிடுகின்றோம். லீசிங்கோ இஜாராவோ, தவணை கட்ட வேண்டுமே என்ற அவசரம்.

புது எஞ்சினின் சிலிண்டர் சுவர் கண்ணாடி போல் வழுவழுப்பானதல்ல. அதில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டே கம்பனி அனுப்புகின்றது. பிஸ்டன் ரிங்குகள் அதில் உரசித்தான் சரியாக அமரும். அமராவிட்டால் வாயு கீழே கசியும், ஒயில் மேலேறி எரியும். சைலென்சரில் நீலப்புகை வரும், இழுவை குறையும்.

"அப்படியானால் மெதுவாக உருட்டினால் போதும்" என்பார்கள். அது பாதிதான் சரி. ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம்தான். கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டு மணிக்கணக்காகச் சாமான் இறக்கினால் அந்த அழுத்தம் கிடைக்காது. முழுப்பாரத்தில் முறுக்கினாலோ சூடேறிச் சுவரே கீறிவிடும். ஆகவே, அரைப்பாரம் ஏற்றுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். அதிவேகப் பாதையில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவதும், பெரிய கியரில் எஞ்சின் திணறத் திணற ஏற்றம் ஏறுவதும் வேண்டாம். புது பிரேக்கும் பழக வேண்டும்; முதல் 300 கிலோமீற்றர் வரை திடீர் பிரேக்கைத் தவிர்ப்பது நல்லது.

ஒயில் அளவை அடிக்கடி பாருங்கள். முதல் ஒயில் மாற்றத்தைக் கையேட்டில் உள்ள தூரத்தில் செய்யுங்கள், அவசரப்பட்டு முன்கூட்டி மாற்ற வேண்டாம். பழைய வாகனத்துக்கு போர் அடித்து எஞ்சின் செய்தவர்களுக்கும் இதே ஓட்டம்தான். ஆனால் கராஜில் செய்த எஞ்சினில் துகள் தங்கியிருக்கக்கூடும் என்பதால் அதற்கு முதல் ஒயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும்.

இனி கணக்கு. பெரும்பாலான கையேடுகள் கேட்பது 1000 கிலோமீற்றர் அளவுதான். கொழும்பிலிருந்து கண்டிக்கு நாலைந்து தடவை போய்வரும் தூரம். அத்தனை பயணத்தில் குறையும் பாரத்தின் கூலியையும், எஞ்சின் இறக்கும் செலவையும், லொறி கராஜில் நிற்கும் நாட்களையும் நீங்களே கொப்பியில் எழுதிப் பாருங்கள்.

சாரதிக்குப் பயணத்துக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால், இந்தத் தூரம் முடியும்வரை நாட்கூலியாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நாம் என்ன சொன்னாலும் அவர் விரட்டத்தான் செய்வார்.