பழைய பிளானுக்குப் புதுப் பெயர் போடும் முன்

மணவூர், திருவாலங்காடு, திருத்தணி வட்டாரத்தில் வீட்டு பிளான் போடுகிற இளைஞர்களில் பலர் பகலில் கம்பெனி வேலைக்கு ரயிலேறிவிட்டு, இரவில் லேப்டாப்பைத் திறப்பவர்கள். நேரம் இல்லாததால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். போன வருஷம் வேறொருவருக்கு வரைந்த ஆட்டோகேட் ஃபைலைத் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, நாலு சுவரை இழுத்து, பெயரை மாற்றுவது. பெயர் மாறும், சர்வே எண் மாறாது. அல்லது அதுவும் மாறும், ஆனால் பழைய வீட்டுக்காரரின் கிணறு சைட் பிளானில் நிற்கும்.

2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. வரைபடம் சரி என்று சான்று சொல்வது விண்ணப்பதாரரே. ஆகவே ஃபைலில் இருக்கும் பிழையைத் தடுக்க இடையில் ஓர் அதிகாரியின் கண் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

பழைய ஃபைலை மறுபடி பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் அதிலிருந்து தொடங்கக்கூடாது, அதிலிருந்து எடுக்க வேண்டும். கீழே உள்ள முறை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

காலி டெம்ப்ளேட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து லேயர்கள், எழுத்து வகை, அளவுக்கோட்டு வகை, தாள் சட்டம் மட்டும் உள்ள வெற்று ஃபைல் ஒன்றைத் தயார் செய்து டெம்ப்ளேட்டாக (டி.டபிள்யூ.டி.) சேமியுங்கள். உரிமையாளர் பெயர், சர்வே எண், தேதி ஆகியவை நிரப்பப்படாத கட்டங்களாக இருக்கட்டும். காலிக் கட்டம் கண்ணில் குத்தும். பழைய பெயர் குத்தாது. இனி ஒவ்வொரு வேலையும் இதிலிருந்தே பிறக்கட்டும்.

வேண்டியதை மட்டும் எடுப்பது

கதவு, ஜன்னல், மாடிப்படி, செப்டிக் டேங்க் விவரம் என்று திரும்பத் திரும்ப வருவதைப் பழைய ஃபைலில் தேர்ந்தெடுத்து, 'டபிள்யூபிளாக்' கட்டளையால் தனி ஃபைலாக எழுதுங்கள். தேர்ந்தெடுத்தவையும் அவற்றுக்குத் தேவையான லேயர்களும் மட்டுமே போகும். குப்பை பழைய வீட்டிலேயே தங்கிவிடும். அடிப்புள்ளியைக் கதவின் கீல் மூலையில் வையுங்கள். பிளாக்கை லேயர் சுழியத்தில் வரைந்திருந்தால், செருகும் லேயரின் நிறத்தை அது தானாக ஏற்கும். பிறகு 'ஆடிட்', 'பர்ஜ்' இரண்டையும் ஓட்டி, நூலக ஃபோல்டரில் போட்டு, 'படிக்க மட்டும்' என்று பூட்டுங்கள்.

அடி, கஜம், மீட்டர்

ஆந்திர எல்லை ஊர்க்காரர்களுக்கு அளவு அலகுகளில் கூடுதல் தொல்லை. இங்கே மனையை சென்ட்டில் சொல்வார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நகரிப் பக்கத்திலிருந்து வரும் உறவினர் கஜத்தில் சொல்வார். அது சதுர கஜம், 9 சதுர அடி. எஃப்.எம்.பி. (புலப்படம்) ஸ்கெட்சில் மீட்டர். கொத்தனாருக்கு அடி, அங்குலம். எல்லாம் ஒரே ஃபைலில் வந்து சேரும்.

'இன்ஸ்யூனிட்ஸ்' என்ற மாறியை டெம்ப்ளேட்டிலும் ஒவ்வொரு நூலக ஃபைலிலும் பாருங்கள். அங்குலத்துக்கு 1, மில்லிமீட்டருக்கு 4, மீட்டருக்கு 6. அங்குலக் கதவை மில்லிமீட்டர் ஃபைலில் செருகினால் மென்பொருள் 25.4 மடங்கு பெருக்கிச் சரியாக வைக்கும், இரண்டு பக்கமும் மதிப்பு உண்மையாக இருந்தால் மட்டும். ஏற்கெனவே வரைந்த கோடுகளின் அளவை இந்த எண் மாற்றாது. சிலர் இதை மாற்றிவிட்டு எல்லாம் மாறிவிட்டதாக நினைக்கிறார்கள். ஆகவே செருகியதும் 'டிஸ்ட்' கொடுத்து ஒரு கதவை அளந்துவிடுங்கள். மூன்றடிக் கதவு அங்குல ஃபைலில் 36 காட்ட வேண்டும்.

கையால் அடித்த அளவு

அவசரத்தில் சுவரை நகர்த்தாமல், அளவுக்கோட்டின் மேல் 10 அடி என்று கையால் தட்டிவிடுவது எங்கும் நடக்கிற திருட்டு. அந்த ஃபைலில் கோடு ஒன்பதரை அடி, எழுத்து பத்தடி. கட்டும்போது கொத்தனார் எழுத்தைப் பார்ப்பார். பரப்பைக் கணக்கிடும் மென்பொருள் கோட்டைப் பார்க்கும். பழைய ஃபைலிலிருந்து எதை எடுத்தாலும் அளவுக்கோடுகளை விட்டுவிட்டு எடுங்கள், புதிதாகப் போடுங்கள். விட முடியாதென்றால் பண்புப் பலகத்தில் 'டெக்ஸ்ட் ஓவர்ரைடு' கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மிரர் போடுவது

கிழக்குப் பார்த்த வீட்டை மேற்குப் பார்த்த மனைக்கு மாற்ற, மிரர் ஒரு நொடி வேலை. ஆனால் தென்கிழக்கில் அக்னி மூலையில் இருந்த சமையலறை தென்மேற்குக்குப் போய்விடும். வாஸ்து நம்புகிறவர் முகத்தைப் பிறகு பாருங்கள். 180 டிகிரி சுழற்றினால் அது வடமேற்குக்கு வரும். பல குடும்பங்கள் அதை ஒத்துக்கொள்ளும். நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் வெயில், காற்று இருக்கிறது. மேற்குச் சுவர் படுக்கையறைக்கு வந்தால் திருத்தணி வெயிலில் தூக்கம் வராது. எதைச் செய்தாலும் வடக்கு அம்புக்குறியை மட்டும் தொடாதீர்கள். சாலை, எல்லைக்கல், பக்கத்து மனை ஆகியவை தனி ஃபைலாக எக்ஸ்ரெஃப் (வெளி ஃபைல் இணைப்பு) வழியே நிற்கட்டும். வீடு திரும்பும், மனை திரும்பாது.

வெளியிலிருந்து வரும் ஃபைல்

பென் டிரைவில் நண்பர் தரும் ஃபோல்டரில் 'ஏகேட் டாட் எல்எஸ்பி' அல்லது 'ஏகேட்டாக் டாட் எல்எஸ்பி' என்ற ஃபைல் தானாக முளைத்திருந்தால் வரைபடத்தைத் திறக்காதீர்கள். அது ஆட்டோகேட் திறந்ததும் ஓடும் லிஸ்ப் நிரல். 2012இல் பெரு நாட்டில் பரவிய மெட்ரே என்ற புழு இவ்வகையைச் சேர்ந்ததே. திறந்த வரைபடங்களைச் சீன மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 'செக்யூர்லோட்' மாறியின் மதிப்பை 1க்குக் குறையாமல் வையுங்கள். 2 இன்னும் நல்லது. வரைபட ஃபைலை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு, அங்கே 'ரிக்கவர்' மூலம் திறந்து, தேவையானதை டபிள்யூபிளாக் செய்து, மற்றதை விடுங்கள்.

மென்பொருளின் பதிப்பையும் கேளுங்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஹாம்பர்க் பொறியாளர்கள் கேட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பிலும் துலூஸ்காரர்கள் 5ஆம் பதிப்பிலும் வேலை செய்ததால் மின்கம்பிகள் நீளம் போதாமல் போய், 2006இல் தாமத அறிவிப்பு மேல் அறிவிப்பு வந்தது. நம் அளவில், ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் வைத்திருக்கும் பழைய பதிப்புக்குச் சேமித்து அனுப்பினால் போதும்.

யாருடைய ஃபைல் என்ற கேள்வியும் உண்டு. வரைபடம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கலைப்படைப்பு. அலுவலகச் சம்பளத்தில், அந்த வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கே சொந்தம். கம்பெனி நூலகத்தை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

கொடுப்பதும் வைப்பதும்

தமிழில் குறிப்பு எழுதினால் ஃபான்ட் கவனம். பழைய பாமினி வகை எழுத்துரு இல்லாத கணினியில் அது குப்பை எழுத்தாகத் தெரியும். யூனிகோடில் எழுதுங்கள், பி.டி.எஃப். ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 'ஈ-டிரான்ஸ்மிட்' ஃபான்ட், எக்ஸ்ரெஃப் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தரும். 1905இல் திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழன் செப்பேடுகள் 31ம் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு அரச முத்திரையோடு இருந்தன. தானமாகக் கொடுக்கப்பட்ட பழையனூரின் எல்லை சொல்லும் ஏட்டை நடுவில் உருவவும் முடியாது, செருகவும் முடியாது. கொடுத்த கட்டை நீங்களும் அப்படியே வையுங்கள். திருத்தம் வந்தால் பழையதைத் தொடாமல் ஆர்1, ஆர்2 என்று புதுக் கட்டு.

பெயரில் ஊர், சர்வே எண், தளம், திருத்த எண், தேதி வரட்டும். விண்டோஸ் ஃபைல் பெயரில் சாய்கோடு ஏற்காது. 112/3 என்பதை 112-3 என்று எழுதுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' வேண்டவே வேண்டாம்.

பிரதிகள் லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று. ஃபைல் கெட்டால் அதே ஃபோல்டரில் இருக்கும் 'பி.ஏ.கே.' ஃபைலின் பின்னொட்டை 'டி.டபிள்யூ.ஜி.' என்று மாற்றித் திறந்து பாருங்கள். முந்தைய சேமிப்பு அதில் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்கிலிருந்து ஏதாவது ஒரு பழைய ஃபைலைத் திறந்து, எக்ஸ்ரெஃப் எல்லாம் வருகிறதா என்று சரிபாருங்கள்.