பெட்டி கட்டிய தேதியும் கப்பல் ஏறிய தேதியும்

ஆம்பூரில் ஒரு வலிமா விருந்து. பிரியாணி இலைக்கு வருவதற்குள் எங்கள் பந்தியின் பேச்சு, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பையனைச் சுற்றிக்கொண்டது. எம்.பி.பி.எஸ். முடித்து சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறான். அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மேற்படிப்புப் பயிற்சியில் சேர, ஸ்டெப் 1, 2, 3 என்று மூன்று கட்டமாக நடக்கும் யு.எஸ்.எம்.எல்.இ. எழுதும் எண்ணம். தோல் ஷாப் வைத்திருப்பவர், ஷூ கம்பெனி மேனேஜர், துபாயிலிருந்து வந்தவர் என ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாதிக்கு மேல் தப்பு. இந்தப் பரீட்சையில் ஒரு தப்பு யோசனையின் விலை ஒரு வருஷம் என்பதால்தான் எழுதுகிறேன்.

"செப்டம்பரில்தானே விண்ணப்பம்? ஆகஸ்ட் கடைசியில் ஸ்டெப் 2 எழுதினால் போதும்."

சொன்னவர் ஷூ கம்பெனி மேனேஜர் என்பதுதான் வேடிக்கை. பெட்டி கட்டி முடித்த தேதியை எந்த பையரும் கேட்பதில்லை, ஷிப்மெண்ட் தேதியைத்தான் கேட்பார் என்று அவருக்குத் தெரியாததா? இங்கேயும் எழுதிய தேதிக்கு மதிப்பில்லை, மார்க் வந்து சேர்ந்த தேதிதான் கணக்கு. அமெரிக்க மருத்துவமனைகள் விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கத் தொடங்குவது செப்டம்பர் கடைசி வாரத்தில். 2025இல் அது 24ஆம் தேதி. ஸ்டெப் 2 முடிவு பெரும்பாலும் நான்கு வாரத்தில் வந்துவிடும். ஆனால் எட்டு வாரம் வரை இடம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று தேர்வு நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். செப்டம்பர் 24இலிருந்து எட்டு வாரம் பின்னே எண்ணினால் ஜூலை 30. ஆகஸ்ட் கடைசியில் எழுதியவரின் விண்ணப்பம், மார்க் இருக்க வேண்டிய இடம் காலியாகவே திறக்கப்படலாம். மார்க்கை வைத்து முதல் சலிப்பு சலிக்கும் மருத்துவமனைகள் நிறைய. நேர்காணல் அழைப்புகளோ அக்டோபரிலேயே கிளம்பிவிடும்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு: விண்ணப்பத்தை முதல் நாளே அனுப்பாவிட்டால் வரிசையில் பின்தங்கிவிடுவோம் என்று. அப்படி இல்லை. திறக்கும் நாளுக்கு முன் அனுப்பியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வந்தவர்களாகவே தெரிவார்கள்.

"ஸ்டெப் 1 இப்போது வெறும் பாஸ், ஃபெயில்தான். சீக்கிரம் முடித்துத் தள்ளு."

2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1க்கு மார்க் கிடையாது என்பது உண்மை. அதனால் அந்தப் பாரம் காணாமல் போய்விடவில்லை, அப்படியே ஸ்டெப் 2 தலையில் ஏறிவிட்டது. அதன் பாஸ் மார்க்கும் 2025 ஜூலையில் 214இலிருந்து 218ஆக உயர்ந்தது. ஸ்டெப் 1இல் ஃபெயில் ஆனால் அந்தச் சொல் மார்க் பட்டியலில் கடைசி வரை கூடவே வரும்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரிவிடுகிறது. நீட் வந்த பிறகு வீட்டுக்கு வீடு 'ரிப்பீட்டர்' என்ற சொல் புழங்குகிறது. இந்த வருஷம் ஒரு கை பார்ப்போம், வராவிட்டால் அடுத்த வருஷம். மேற்படிப்புக்கான நீட் பி.ஜி.யையும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அந்த வருஷத்து ரேங்க்தான் பேசும், பழைய ரேங்க்கை யாரும் கிளறமாட்டார்கள். இந்த மனநிலையோடு யு.எஸ்.எம்.எல்.இ.க்குப் போனால் ஆபத்து. ஒரு ஸ்டெப்பில் பாஸ் ஆகிவிட்டால், மார்க் குறைவு என்று அதையே மறுபடி எழுத முடியாது. குரோம் ஏறிய தோலைத் திரும்பப் பச்சைத் தோலாக்க முடியுமா? 219 வாங்கியவர் 219உடன்தான் போக வேண்டும். ஃபெயில் ஆனவர் மறுபடி எழுதலாம், ஆனால் ஒரு ஸ்டெப்புக்கு மொத்தமே நான்கு வாய்ப்பு. முன்பு ஆறாக இருந்ததை 2021இல் குறைத்துவிட்டார்கள்.

ஆகவே ஜூலைக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காக, மாதிரித் தேர்வுகளில் தள்ளாடுகிறவர் ஓடிப்போய் எழுதுவதும் கூடாது. ஒரு வருஷம் தள்ளி விண்ணப்பிப்பது, கெட்ட மார்க்கோடு இந்த வருஷமே விண்ணப்பிப்பதைவிடப் பல நேரம் மலிவு. பட்டம் வாங்கி ஆண்டுகள் கூடக்கூட மதிப்புக் குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு வருஷத்தில் அது பெரிதாகக் குறைந்துவிடாது.

"நீட் பி.ஜி.யையும் கையோடு எழுதிவிடு. எது கிடைக்கிறதோ அது."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாள்காட்டிதான் ஒத்துவருவதில்லை. 2024 நீட் பி.ஜி. முதலில் மார்ச் 3 என்றார்கள், பிறகு ஜூலை 7, பிறகு ஜூன் 23. அதையும் முந்தின இரவு தள்ளிவைத்து ஆகஸ்ட் 11இல் நடத்தினார்கள். 2025இல் ஜூன் 15 அன்று இரண்டு ஷிஃப்டாக இருந்தது. ஒரே ஷிஃப்டாக நடத்தச் சொல்லி மே 30இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, ஆகஸ்ட் 3க்குப் போனது. இரண்டு வருஷமும் ஆகஸ்ட்! ஸ்டெப் 2 மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பக் கட்டுரையும் பேராசிரியர் கடிதங்களும் தயார் செய்ய வேண்டிய அதே மாதம். இரண்டுக்கும் ஒரே பாடம்தானே என்பார்கள். பாடம் ஒன்றுதான், கேள்வி கேட்கும் விதம் வேறு. ஒன்றுக்காகப் படிக்கும் படிப்பு இன்னொன்றுக்குப் பாதிதான் உதவும். உள்ளூரிலேயே எம்.டி. படிக்க நினைப்பவர்கள் தேர்வுத் தேதியோடு சி.ஆர்.ஆர்.ஐ. முடியும் தேதியையும் பார்க்க வேண்டும். 2024இல் அதற்கான கெடு ஆகஸ்ட் 15, 2025இல் ஜூலை 31.

"வேலூர் சி.எம்.சி.க்குத் தனித் தேர்வு உண்டே" என்று ஒரு பெரியவர் இடையில் சொன்னார். ஒரு காலத்தில் உண்டு. நீட்டை எதிர்த்து அந்தக் கிறிஸ்தவச் சிறுபான்மைக் கல்லூரி நெடுங்காலம் வழக்காடியது. அந்த எதிர்ப்பிலேயே 2017இல் எம்.பி.பி.எஸ்.ஸில் ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டது. 2020 ஏப்ரல் 29இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"ஸ்டெப் 3ஐயும் முடித்துக்கொண்டு போ, ஹெச்-1பி கிடைக்கும்."

ரெசிடென்சியில் சேர ஸ்டெப் 3 தேவையில்லை, ஜே-1 விசாவுக்கும் தேவையில்லை. ஹெச்-1பி வேண்டும் என்றால்தான் அது அவசியம். முதல் இரண்டு ஸ்டெப்பையும் சென்னையிலேயே எழுதலாம், ஸ்டெப் 3ஐ அமெரிக்க மண்ணில்தான் எழுத முடியும். 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்காவில் நம் ஷூக்கள் மீது 50 சதவீத வரி விழுந்ததை இந்தப் பந்தியில் யாரும் மறக்கவில்லை. அடுத்த மாதமே புதிய ஹெச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவித்ததை மட்டும் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அந்தப் பணத்தைக் கட்ட எந்த மருத்துவமனை முன்வரும் என்று தெரியாமல், ஸ்டெப் 2வுக்குப் படிக்க வேண்டிய மாதங்களை ஸ்டெப் 3க்குச் செலவழிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

அந்தப் பையன் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மாணவன் என்றதும், "சி.எம்.சி. பிள்ளைகளுக்குத்தான் அங்கே மதிப்பு" என்று ஒருவர் முணுமுணுத்தார். பெயருக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் விதிப்படி பேதமில்லை. மருத்துவக் கல்விக்கான உலகக் கூட்டமைப்பு 2023இல் நம் தேசிய மருத்துவ ஆணையத்துக்குப் பத்தாண்டு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, அது இரண்டு கல்லூரிக்கும் பொது. சி.எம்.சி., அடுக்கம்பாறை இரண்டுமே சென்னையிலிருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான். பந்தியில் யாரும் எடுக்காத பேச்சு அந்தப் பல்கலைக்கழகம் தரும் பட்டச் சான்றிதழ் பற்றியது. ஜூலை 1இல் பயிற்சி தொடங்க வேண்டுமானால் அதற்குள் வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்று கையில் இருக்க வேண்டும், அதற்குத் தற்காலிகச் சான்றிதழ் போதாது. மார்ச்சில் இடம் கிடைத்த பிறகு பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுகிறவருக்கு மிஞ்சுவது மூன்றே மாதம்தான்.