ஆவின் துயர் அறிதல்

திருமூலநாயனார் சரித்திரங் கற்பிக்கும் ஆசிரியர்கள் பரகாயப் பிரவேசம் ஒன்றையே வியந்துரைத்தல் போதாது. சாத்தனூரிலே மூலன் என்னும் ஆயன் இறந்தனன். பசுக்கள் அவனுடலைச் சுற்றி, மோந்து, கதறின. அத்துயர் கண்டு இரங்கிய சிவயோகியார் அவ்வுடலிற் புகுந்தெழுந்தார். பசுக்கள் அவரை நக்கி மகிழ்ந்தன. சொல்லின்றியே துயரறிந்த கருணை முன்னது, சித்தி பின்னதே.

வன்னி மாணாக்கர்க்கு இஃது அயற்கதையன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் மக்கள் போரால் இடம்பெயர்ந்தபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பட்டிமாடுகள் மேய்ப்பாரின்றி அலைந்தன. ஆதலின், வீட்டிற் பசுவுள்ள பிள்ளையை நோக்கி, "கன்றைத் தேடும் குரலும் பசித்த குரலும் எவ்வாறு வேறுபடும்?" என்று வினவுக. விடையறிந்த பிள்ளை மாட்டின்மேற் கோலோங்கக் கூசும். சீவகாருணியத்தின் முதற்பாடம் அதுவேயாம்.