பங்குனி வெயிலும் பாதி பின்னிய கூடையும்

பங்குனி வந்தால் வடாம் பிழிய வேண்டும், மிளகாய் காயவைக்க வேண்டும், மெத்தை தலையணையை வெயிலில் போட வேண்டும். மாடித் தோட்டமும் தண்ணீர் கேட்கும். இதற்கு நடுவே வயர் கூடை பின்னுவது எப்போது? வெயிலைப் பார்த்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்குள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். தொட்டி மண்மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் போகாது. அரிசி, பருப்பு கழுவிய நீரையும் அங்கேயே ஊற்றலாம். புதிதாக விதைக்க வெண்டையும் கொத்தவரையும் நல்லவை, வெயில் தாங்கும். நாற்று நடுவதும் வேப்பெண்ணெய் தெளிப்பதும் மாலையில்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், அது கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும், பாவம்.

ஜவ்வரிசியை இரவே ஊறவைத்தால் காலையில் கூழ் காய்ச்சி, வெயில் ஏறுமுன் பிழிந்துவிடலாம். மேலே மெல்லிய வேட்டித் துணி போர்த்தினால் தூசியும் காக்கையும் அண்டாது.

பிற்பகல் முழுக்க உங்கள் கைவேலைக்கு. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். வயரை ஒரே நாளில் அளந்து வெட்டி, நிறவாரியாகக் கட்டிவைத்தால் கிடைக்கும் அரை மணியிலும் உட்கார்ந்து பின்னலாம். எழும்போது வரிசையை முடித்துவிட்டு எழுங்கள்; மறுநாள் எண்ணித் தேட வேண்டியிருக்காது. பாதிக் கூடையை மாடியில் விடாதீர்கள், வெயிலில் வயர் வெளிறிப்போகும்.