எலுமிச்சைத் தேநீரும் பற்சிப்பியும்

நோயைக் குணப்படுத்த ஆகும் செலவைவிட அதனைத் தடுக்க ஆகும் செலவு குறைவு என்பது பொருளாதார மாணவர் அறிந்ததே. இழந்தபின் மீளாத ஒன்றைக் காப்பதில் இவ்வுண்மை மேலும் வலுப்பெறுகிறது. எனாமல் எனப்படும் பற்சிப்பி அத்தகையது. எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமப் பொருளாலான இவ்வுறை, மனித உடலில் மிகக் கடினமானது. எனினும், இதனை ஆக்கும் உயிரணுக்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுவதால், கரைந்த பகுதி மீண்டும் வளர்வதில்லை.

அமிலத்தின் செயல்

வாயில் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழ் இறங்கும்போது பற்சிப்பியின் கனிமம் கரையத் தொடங்குகிறது. பால் கலந்த தேநீரின் அளவு பொதுவாக 6க்கு மேல் உள்ளது. பாலில்லாத் தேநீர் சற்றே அமிலத்தன்மை உடையதாயினும், அதன் தீங்கு சிறிதே. அதில் எலுமிச்சை பிழியும்போது அளவு 3ஐ ஒட்டி இறங்கக்கூடும். ஓர் அலகு குறைவது அமிலத்தன்மை பத்து மடங்கு மிகுவதாகும் என்பதை நினைவில் கொண்டால், வேறுபாட்டின் அளவு விளங்கும். மேலும், சிட்ரிக் அமிலம் பல்லிலுள்ள கால்சியத்தைப் பிணைத்து இழுக்கவும் செய்கிறது. எனவே குற்றம் தேயிலையினுடையது அன்று, சேர்க்கப்படும் அமிலத்தினுடையதே. புட்டிகளில் விற்கப்படும் குளிர்தேநீர் பலவற்றிலும் இவ்வமிலம் சேர்க்கப்படுகிறது.

இரு வேறு பாதிப்புகள்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் பணியாற்றுவோர் ஒரு வேறுபாட்டை அறிதல் அவசியம். அண்டையிலுள்ள நெல்லூர் மாவட்டத்தில் நிலத்தடி நீரின் புளோரைடால் விளையும் நோய் 1937லேயே ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்டது. பல் உருவாகும் இளம் பருவத்தில் ஏற்படும் அப்பாதிப்பு, இருபுறப் பற்களிலும் ஒத்த வெண்கோடுகளாகவோ பழுப்புக் கறைகளாகவோ தோன்றும். அமில அரிப்போ முளைத்த பல்லைத் தாக்குவது; பரப்பு வழவழப்பாகி, ஓரம் மெலிந்து, உள்ளிருக்கும் மஞ்சள் நிறம் தெரியும்; குளிர்ந்த நீர் பட்டால் கூசும். முன்னதற்குத் தீர்வு குடிநீர் ஆதாரத்தை மாற்றுவது. பின்னதற்குப் பருகும் பழக்கத்தை மாற்றுவது. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் பொதுப்பணம் வீணாகும், பல்லும் காக்கப்படாது.

செய்யத்தக்கவை

எலுமிச்சைத் தேநீரை நாள்முழுதும் சிறுகச் சிறுகப் பருகுவதைவிட, உணவு வேளையில் ஒருமுறை பருகி முடிப்பது நன்று. பருகியபின் வெறும் நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். உமிழ்நீர் தன் பணியைச் செய்ய அரைமணி நேரமேனும் விட்டுப் பிறகே பல் துலக்க வேண்டும். அமிலத்தால் மென்மையுற்ற பரப்பைத் தூரிகை எளிதில் தேய்த்துவிடும்.

பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பற்சோதனையும் இடம்பெறுகிறது. அச்சோதனையின்போது, குழந்தை என்ன நீர் குடிக்கிறது என்பதோடு என்ன பானம் பருகுகிறது என்பதையும் கேட்டறிவதற்குத் தனிச்செலவு ஏதும் இல்லை. பல் மருத்துவரை நாடக் கூலியை இழக்க வேண்டிய குடும்பங்களுக்கு, உரிய காலத்தில் கேட்கப்படும் அவ்வொரு கேள்வி பெரும் உதவியாகும்.